குளச்சல் பக்கத்து கடலோர விடுதி: அறைக்கு 4 நட்சத்திரம், கடற்கரைக்கு 1

முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு விடுதி. பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை இந்தப் பக்கம் கடலைக் காட்டி அறை விடுகிற பலருக்கும் பொருந்தும். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறை சுத்தம், கட்டிலில் கிடந்தபடியே கடல் தெரிகிறது, மதியம் மரச்சீனிக் கிழங்கும் தேங்காய் அரைத்த சாளைக் குழம்பும் கொடுத்தார்கள், அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். வைஃபை பேருக்குத்தான்.

பிரச்சினை கடற்கரை. விளம்பரப் படத்தில் வாசலிலிருந்து அலை வரைக்கும் அகலமாக மணல், அதில் சாய்வு நாற்காலிகள், கீழே 'எங்கள் சொந்தக் கடற்கரை' என்று வேறு போட்டிருக்கிறார்கள் (கடற்கரை எப்போது யாருக்குச் சொந்தமானது?). ஆடி மாதம் நாங்கள் போனபோது நாற்காலி போட மணலே இல்லை. தோட்டத்திலிருந்து இறங்கும் படிக்கட்டின் கடைசிப் படி அந்தரத்தில் நிற்கிறது, அதற்குக் கீழே இடுப்பளவு உயரத்துக்குக் கரை செங்குத்தாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. அந்த வெட்டில் வெளிர் மணலுக்கு நடுவே கறுப்பு வரிவரியாக ஓடுகிறது, ஒரு பிடி அள்ளினால் கையில் கனம் தெரியும். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். பிரித்தெடுக்கிற இல்மனைட், கார்னெட் மாதிரியான கனமான தாதுக்கள் எல்லாம் கலந்த அதே மண்தான். பெரிய அலை லேசான மணலை அடித்துக்கொண்டு போகும்போது கனத்தது பின்தங்கிவிடும், அந்த வரிகள் அப்படி வந்தவை.

வரவேற்பில் இருந்த தம்பியிடம் கேட்டால், "சார், இந்த சீசன்ல அப்படித்தான், மழை முடிஞ்சா மணல் தானா வந்திரும்" என்றார். பாதி உண்மை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில், உயரமான அலைகள் மூச்சுவிடாமல் அடித்துக் கரை மணலை இழுத்துப்போய்க் கொஞ்ச தூரத்தில் கடலுக்கடியில் திட்டாகப் போட்டுவைக்கும், கடல் அடங்கினதும் நிதானமான அலைகள் அதையே திரும்பக் கொண்டுவந்து தள்ளும். இது மட்டும்தான் விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுதவே மாட்டேன்.

மீதிப் பாதி, விடுதிக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற தூண்டில் வளைவு, அதாவது கரை அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிப் போட்ட தடுப்பு. அதைத் தாண்டி மேற்குப் பக்கம் நடந்து போய்ப் பார்த்தேன்: அதே ஆடி, அதே கடல், ஆனால் வள்ளங்களை ஏற்றிவைத்தது போக பையன்கள் பந்து விளையாடவும் மணல் இருக்கிறது. அலை கரைக்கு நேராக வருவதில்லை. சாய்வாக ஏறும், நேராக இறங்கும். தண்ணீரில் ஒரு தேங்காய்க் கதம்பை கிடந்தது, ஒவ்வொரு அலைக்கும் கோணலாக மேலே ஏறி, நேரே கீழே உருண்டு, அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. மணலும் இப்படித்தான் கரையோடு போகிறது. நடுவில் கல்லைப் போட்டால் வருகிற பக்கம் மணல் தேங்கும், அடுத்த பக்கத்துக்கு வரவு நின்றுபோகும், செலவு மட்டும் நிற்காது. வரவே முன்பு மாதிரி இல்லை, ஆறு கொண்டுவரும் மணலில் ஒரு பங்கு 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடித்ததிலிருந்தே மேலேயே தங்கிவிடுகிறது.

கல் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அழிக்கால், வள்ளவிளை மாதிரி ஊர்களில் கடல் வீட்டுக்குள் வருவதைப் பார்த்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். தூண்டில் வளைவுப் பக்கம் வலை பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "மக்களே, கல்லு போட்டதுனாலதான் எங்க ஊரு நிக்குது. ஆனா கிழக்க கரமடி இழுக்க இடமில்ல" என்றார். (கரமடி என்பது கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை.) இரண்டுமே உண்மை.

விடுதிக்காரர்கள் செய்திருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. வாசலுக்கு முன்னால் நேர்ச்சுவராக ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அலை அதில் மோதித் திரும்புகிற வேகத்தில் சுவரின் அடியிலிருக்கும் மணலையும் பறித்துக்கொண்டு போகிறது, படிக்கட்டு அந்தரத்தில் நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று, இதற்குத்தான் நட்சத்திரத்தைக் குறைத்தேன். எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை, "குழந்தைங்கள கூட்டிட்டு ஓரமா இறங்கலாம்" என்கிறார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தது இதே மாவட்டத்தில்தான். கள்ளக்கடல் இங்கே காற்றே இல்லாமலும் வரும், எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும்பிய அலை அது. ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, அதைத் தினமும் ஒரு பலகையில் எழுதிப்போட என்ன செலவு?

போகிறவர்கள் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், முன்பணம் கட்டுமுன் அந்த வாரம் எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மாடி அறையாகக் கேளுங்கள், கீழ் அறையில் ராத்திரி முழுக்க அலை சுவரில் மோதுகிற சத்தம். வாடகை தையிலும் ஆடியிலும் ஒன்றுதான் வாங்குகிறார்கள். மணல் இல்லாத மாதங்களுக்காவது அதைக் குறைத்தால் இன்னொரு நட்சத்திரம் சேர்க்கிறேன்.