கடலுக்குள் காரல் மீனாகும் கைக்கடிகாரம்

பாம்பன் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், இந்த வாட்சைக் கட்டிக்கொண்டு முதன்முதலாக இறங்கிய அன்று, படகோரத்தைப் பிடித்தபடி முகமூடியோடு தலையை அமிழ்த்தி மணிக்கட்டைப் பார்த்தேன். கண்ணாடியைக் காணவில்லை. முட்களும் வெள்ளைப் புள்ளிகளும் வெறும் தண்ணீரில் கிடந்தன. கழன்று விழுந்துவிட்டதோ என்று பதறி விரலால் தடவினேன். விரலுக்குக் கண்ணாடி தட்டுப்பட்டது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

வாட்ச், சீக்கோ எஸ்கேஎக்ஸ் 009. கருநீல முகப்பு, சிவப்பும் நீலமுமான சுழல் வளையம், தட்டையான கனிமக் கண்ணாடி, 200 மீட்டர் நீர்த்தாங்கு திறன். 2018-இல் வாங்கினேன், இப்போது இது உற்பத்தியில் இல்லை. கடற்புல், கடற்பாசிக் கணக்கெடுப்புகளில் உதவியாளராக இருப்பதால் மாதத்தில் பத்து நாளாவது தண்ணீருக்குள்தான் வேலை. கடலடியில் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருப்பவற்றைக் குறித்த நிமிடத்துக்குள் எண்ணி முடிக்க வேண்டும். அதனால் நீருக்குள் மணி பார்ப்பது எனக்கு அன்றாடத் தேவை. நேரத் துல்லியம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாளுக்குச் சில நொடிகள் முந்தும், அவ்வளவுதான்.

கண்ணாடி மறைந்ததற்குக் காரணம் எளிது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். அந்தப் பளபளப்பை வைத்துத்தான் அங்கே கண்ணாடி இருப்பதைக் கண் அறிகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5. இரண்டும் நெருங்கி நிற்பதால் நீருக்குள் அந்த வெளிப்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி அரை விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. கீறல்களும் அப்படித்தான். மணலும் பாறையும் உரசி என் வாட்சின் கண்ணாடி முழுக்கக் கோடுகள். நனைந்தால் நுண்கோடுகளுக்குள் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியாது, துடைத்துக் காயவைத்தால் அத்தனையும் திரும்பி வரும். பழைய வாட்ச் வாங்குகிறவர்கள் ஈரத்துணியால் துடைத்த கையோடு காட்டப்படும் கண்ணாடியை நம்பிவிட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, வெயிலில் சாய்த்துப் பாருங்கள்.

முதல் மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறொன்று. கையை முன்னால் நீட்டிச் சட்டத்தைப் பிடித்திருக்கும்போது வாட்ச் சாய்ந்தே இருக்கும். அந்தக் கோணத்தில் பார்த்தால் முள்ளும் இல்லை, புள்ளியும் இல்லை. வட்டம் முழுவதும் காரல் மீனின் விலாவைப் போல ஒரே வெள்ளி மினுக்கம். உள்ளே நீர் புகுந்து கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினேன். சட்டென்று வெள்ளி விலகி, நீல முகப்பு முழுசாக வந்து நின்றது. மறுபடி சாய்த்தால் மறுபடி வெள்ளி. இடையில் மங்கல் என்ற ஒன்றே இல்லை.

இது வாட்சின் குறை அல்ல. கண்ணாடிக்கும் முகப்புக்கும் நடுவே காற்று இருக்கிறது. நீரிலிருந்து காற்றுக்குள் போக முயலும் ஒளி, கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 48 பாகைக்கு மேல் சாய்ந்துவிட்டால் காற்றுக்குள் நுழையவே நுழையாது, முழுவதும் திரும்பிவிடும். நடுவில் தட்டையான கண்ணாடி இருப்பதால் இந்தக் கணக்கு மாறுவதில்லை. அலையில்லாத நாளில் கடலடியில் மல்லாந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைக்கு மேலே ஒரு வட்டத்தில் மட்டும் வானம் தெரியும், அதற்கு வெளியே கடலின் மேற்பரப்பு கண்ணாடியாகிக் கடலடியையே திருப்பிக் காட்டும். வாட்சுக்குள் அடைபட்டிருப்பதும் அதே ஆகாயத்தின் ஒரு துளிதான். ஜெர்மனியின் சின் நிறுவனம் உள்ளே எண்ணெய் நிரப்பிய வாட்சுகளைச் செய்கிறது. உள்ளே காற்றே இல்லாததால் அவற்றில் இந்த வெள்ளி மறைப்பு வராது. எனக்கு அவ்வளவு செலவு தேவைப்படவில்லை. வாட்சை மணிக்கட்டின் உட்புறமாகக் கட்டிக்கொண்டேன். சட்டத்தைப் பிடித்த கையை இலேசாகப் புரட்டினால் முகப்பு நேராக என்னைப் பார்க்கிறது. ஏழு வருடமாக அப்படியே.

தேதிக்கு மேல் குமிழ்வில்லை வைத்த வாட்ச் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது அந்த வகை. கரையில் தேதி பருத்துத் தெரியும். கடலில் அமிழ்த்தியதும் சுருங்கிவிட்டது. கண்ணாடி வில்லையின் வெளிவளைவைத் தண்ணீர் தொட்டால் அதன் உருப்பெருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஆனால் முகமூடி வழியே பார்க்கும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால் என் 42 மில்லிமீட்டர் வாட்சுக்குத் தனியாக வில்லை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நிறத்தைப் பொறுத்தவரை, இடுப்பளவு நீரில் மாற்றம் இல்லை. ஐந்தாறு மீட்டர் இறங்கினால் வளையத்தின் சிவப்பு காய்ந்த புளியின் நிறத்துக்குப் போகிறது. தண்ணீர் முதலில் உறிஞ்சுவது சிவப்பைத்தான். நீலம் நிற்கிறது. தெளிவு பருவத்தைப் பொறுத்தது. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் தென்கடல் கலங்கிவிடும், வாடை தொடங்கினால் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல். மாசி, பங்குனியில் இரண்டு பக்கமும் தெளிந்திருக்கும். வாட்சைச் சோதிக்க விரும்புகிறவர்கள் அப்போது வாருங்கள், ஆனால் தென்கடலின் தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வருடத்துக்கொருமுறை வாட்சைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, கண்ணாடியில் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடைப்பேன். உட்புறம் ஆவி படிந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது என்று பொருள். இதுவரை படியவில்லை. கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசுவதைத் தவிர வேறு பராமரிப்பு செய்ததில்லை.

போன பங்குனியில் பாசி எடுக்க வந்த அக்கா ஒருவர் இடுப்பளவு நீரில் என் பக்கத்தில் நின்று மணி கேட்டார். நான் தலையை அமிழ்த்திச் சட்டத்தோடு இருந்தேன். சாய்வாகப் பார்த்த எனக்கு வெள்ளி வட்டம்தான் தெரிந்தது. கையைத் தூக்காமல், முகப்பை நீர்மட்டத்துக்கு இணையாகத் திருப்பி மட்டும் காட்டினேன். மேலிருந்து நீருக்குள் நுழையும் பார்வை அந்த 48 பாகையைத் தாண்டவே முடியாது, எங்கே நின்றாலும் முகப்பு தெரியும். குனிந்து பார்த்து, "எட்டரை ஆகிவிட்டது தம்பி" என்று அவரே சொல்லிவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு கரைப் பக்கம் நடந்தார்.