டெர்மினலில் லிங்க்: முழு முகவரியா, ஓஎஸ்சி 8-ஆ?

நிரல் ஓடி முடிந்ததும் டெர்மினலில், அதாவது கட்டளைகளை டைப் செய்யும் திரையில், 'அறிக்கை தயார்' என்று ஒரு லிங்க் காட்ட வேண்டும். முகவரியை முழுசாக பிரிண்ட் செய்துவிடலாம். அல்லது ஓஎஸ்சி 8 என்ற எஸ்கேப் வரிசையை (திரையில் தெரியாமல் டெர்மினலுக்குக் கட்டளை சொல்லும் எழுத்துகளை) போட்டு 'அறிக்கை' என்ற சொல்லையே லிங்க் ஆக்கலாம்.

முதல் வழியில் நமக்கு வேலையே இல்லை. எச்டிடிபிஎஸ் என்று தொடங்குவதைப் பார்த்து டெர்மினலே புரிந்துகொள்ளும். பலவற்றில் கன்ட்ரோலை அழுத்தியபடி கிளிக் செய்தால் திறக்கும். பைலில் சேமித்தாலும் முகவரி அப்படியே இருக்கும். சிக்கல் டெர்மினலின் ஊகத்தில்தான். முகவரியை ஒட்டி வரும் அடைப்புக்குறியையும் சேர்த்து விழுங்கிவிடுவது உண்டு. அழகுக்காக நீங்களே வரியை மடித்தால் முதல் பாதிதான் லிங்க் ஆகும். அதனால் முகவரியைத் தனி வரியில், பின்னால் ஒரு புள்ளிகூட வைக்காமல் விடுங்கள்.

ஓஎஸ்சி 8, 2017-இல் லினக்ஸின் க்னோம் டெர்மினலுக்கும் மேக்கின் ஐடெர்ம்2-க்கும் வந்தது. விண்டோஸ் டெர்மினலில் 2020-இல். முதலில் முகவரியைச் சுமந்த வரிசை, அடுத்து கண்ணுக்குத் தெரியும் சொல், கடைசியில் முகவரி இல்லாத அதே வரிசை. அந்தக் கடைசித் துண்டை நான் ஒருமுறை மறந்தேன். அடுத்து வந்த ஷெல் பிராம்ப்ட் வரை எல்லாமே லிங்க்! சரியாகப் போட்டால் வெகு நேர்த்தி. சி மொழிக் கம்பைலரான ஜிசிசி 10 தன் எச்சரிக்கைகளில் ஆப்ஷன் பெயரையே அதற்கான விளக்கப் பக்கத்துக்கு லிங்க் ஆக்குகிறது. முகவரி எவ்வளவு நீளமானாலும் திரை கலையாது.

ஆனால் இதை அறியாத டெர்மினல் பெரும்பாலும் சத்தமில்லாமல் வரிசையைத் தள்ளிவிடும். 'அறிக்கை' என்ற வெறும் சொல் மிஞ்சும்; அங்கே லிங்க் இருந்ததற்குத் தடயமே இருக்காது. ஒரே டெர்மினலைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் டிமக்ஸுக்கு 3.4 பதிப்பில்தான் இந்த ஆதரவு வந்தது. வெளியீட்டை பைலுக்குத் திருப்பினால் எஸ்கேப் குப்பை உள்ளே போகும் என்பதால், எதிரில் இருப்பது டெர்மினல்தானா என்று நிரல் முதலில் பார்க்க வேண்டும். டெர்மினல் வெளியீட்டை அழகாக்கும் பைத்தானின் ரிச் நூலகம் அதைப் பார்த்துக்கொள்ளும், ஆனால் பைலில் சொல் மட்டுமே விழும், முகவரி போய்விடும்.



லாகின் முகவரி, அறிக்கை, பில்ட் லாக் போன்றவற்றுக்கு நான் முழு முகவரியையே பிரிண்ட் செய்கிறேன். பைல் பட்டியலுக்கும் பிழை எண்களுக்கும் ஓஎஸ்சி 8; அங்கே லிங்க் போனாலும் பெயர் மிஞ்சும், தேடிக்கொள்ளலாம்.