முடித்த கணக்கைப் பூட்டுவது: ஹேண்ட்ஸான்டேபிளுடன் ஐந்து வருடம்

கிடங்குச் சரக்குக் கணக்குக்காக நாங்கள் எழுதிய மென்பொருளில் ஐந்து வருடமாக ஹேண்ட்ஸான்டேபிள் ஓடுகிறது. பிரவுசரில் எக்செல் போன்ற அட்டவணையைக் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி அது. எங்கள் தேவை சின்னது. மாதக் கணக்கை முடித்த பிறகு அந்த வரிசைகளில் யாரும் கைவைக்கக் கூடாது. எக்செல்லில் எல்லாக் கட்டமும் முதலிலேயே ‘லாக்டு’ என்றுதான் இருக்கும். ஷீட்டை ப்ரொடெக்ட் செய்ததும் பூட்டு விழும். இங்கே எல்லாம் திறந்தே கிடக்கும், வேண்டியதை நாம்தான் பூட்ட வேண்டும்.

முதலில், கட்டத்தில் டைப் செய்யத் திறக்கும் எடிட்டரை மட்டும் ‘ஃபால்ஸ்’ (வேண்டாம்) என்று கொடுத்தோம். டபுள் கிளிக் செய்தாலும் கட்டம் திறக்கவில்லை. ஆனால் வேறு இடத்திலிருந்து பேஸ்ட் செய்தால் எண் மாறியது, மூலையைப் பிடித்து இழுத்தாலும் மாறியது. இதற்கு ‘ரீட்ஒன்லி’ என்ற அமைப்புதான் சரியான வழி. அதில் காப்பி எடுக்கலாம், வேறெதுவும் நடக்காது. எழுத்தும் மங்கலாகிவிடுவதால் பார்த்ததுமே புரியும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது சார்ட்டிங், அதாவது வரிசைகளை மாற்றி அடுக்குவது. எந்த வரிசையைப் பூட்டுவது என்பதை, ஒவ்வொரு கட்டத்துக்கும் அமைப்பைச் சொல்லும் ‘செல்ஸ்’ ஃபங்ஷனில் முடிவு செய்கிறோம். அதற்கு வரும் வரிசை எண் மூலத் தரவில் உள்ள எண். திரையில் தெரியும் எண் அல்ல. நான் அந்த எண்ணைக் கொண்டு, வரிசையிலிருந்து ஒரு மதிப்பை எடுத்துத் தரும் ‘கெட்டேட்டாஅட்ரோப்ராப்’ மூலம் அந்த வரிசை முடித்ததா இல்லையா என்ற நிலையைப் படித்தேன். அதுவோ திரை எண்ணை எதிர்பார்ப்பது. சார்ட் செய்யாதவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒருநாள் கணக்காளர் தேதி வாரியாக அடுக்கினார்; முடித்த வரிசை திறந்துகொண்டது, புதிய வரிசை பூட்டிக்கொண்டது. தவறு என் கோடில்தான். மூலத் தரவின் எண்ணையே எடுத்துக்கொள்ளும் ‘கெட்சோர்ஸ்டேட்டாஅட்ரோ’ என்று மாற்றியதும் சரியானது. ‘செல்ஸ்’ ஃபங்ஷன் ஒவ்வொரு ரெண்டரிலும், அதாவது அட்டவணையைத் திரையில் வரையும் ஒவ்வொரு முறையும், ஓடுவதால் உள்ளே கனமான தேடல் எதையும் வைக்காதீர்கள்.

அப்புறம், ரீட்ஒன்லி கட்டத்தின் உள்ளடக்கத்தை மட்டுமே காக்கும். ரைட் கிளிக் மெனுவில் வரிசையையே நீக்கிவிடலாம். வரிசையை நீக்கும் முன் ஓடும் ‘பிஃபோர்ரிமூவ்ரோ’வில் ‘ஃபால்ஸ்’ திருப்பி அனுப்பித் தடுத்தோம். இதெல்லாம் பிரவுசருக்குள் இருக்கும் பூட்டு; முடித்த மாதத்துக்கான மாற்றத்தை சர்வரும் மறுத்தே ஆக வேண்டும்.

2019-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும். எனக்கு அந்தச் செலவு தகும் என்றே படுகிறது. பூட்டிய வரிசைகளில் ‘மாதம் முடிந்தது’ என்று ஒரு குறிப்பும் சேர்த்தோம். “ஏன் டைப் ஆகலை?” என்ற போன்கள் அதோடு நின்றன.