ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7: மீன் அங்காடிக்கு ஒன்று, மாசி மகத்திற்கு ஒன்று

கடலூரில் குடியிருந்துகொண்டு வாரத்திற்கு ஒரு முறையாவது புதுச்சேரிக்குப் பேருந்து ஏறும் எனக்கு, பெரிய கேமராவைச் சுமந்து செல்லும் பழக்கம் சில ஆண்டுகளுக்கு முன்பே விட்டுப்போயிற்று. சுமை மட்டும் அதற்குக் காரணமன்று. குபேர் அங்காடியின் மீன் பகுதியில் நீண்ட லென்ஸ் பூட்டிய கேமராவைத் தூக்கினால், அதுவரை இயல்பாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எடுக்க வந்த படம் அந்த நொடியிலேயே போய்விடுகிறது. கைப்பேசியை நீட்டினால், "எந்த சேனல் தம்பி?" என்ற கேள்வி வருகிறது. ஆகவே சட்டைப்பையில் அடங்கக்கூடிய, ஆனால் கைப்பேசியைவிடப் பெரிய சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) கொண்ட கேமரா ஒன்றைத் தேடத் தொடங்கி, ஒன்றில் நிறுத்திக்கொள்ள முடியாமல் இரண்டை வாங்கிவிட்டேன். ஒன்று ரிக்கோ ஜிஆர் 3. மற்றொன்று சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7. இரண்டும் 2019ஆம் ஆண்டில் வெளிவந்தவை. ரிக்கோவில் 2025இல் ஜிஆர் 4 வந்துவிட்டது என்றாலும், பயன்படுத்திய நிலையில் வாங்க நினைப்பவர்கள் இன்றும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தயங்கி நிற்கிறார்கள் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு இன்னும் பயன் இருக்கிறது.

இரண்டையும் ஒன்றரை ஆண்டு கையாண்டபின் எனக்குத் தெளிவானது ஒன்றுண்டு. எது நல்ல கேமரா என்று கேட்பதைவிட, படமெடுக்கும்போது நீங்கள் எவ்வளவு தொலைவில் நிற்கிறீர்கள் என்று கேட்பதே சரியான கேள்வி. இவற்றின் மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் அந்தத் தொலைவிலிருந்தே பிறக்கின்றன.

ரிக்கோவில் ஜூம் கிடையாது. அதன் லென்ஸின் குவியத் தூரம் 18.3 மில்லிமீட்டர். பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட முழுச்சட்ட கேமராவின் கணக்கில் சொன்னால் 28 மில்லிமீட்டர். இந்த எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தொலைவிலுள்ளது அருகே வரும். நின்ற இடத்திலிருந்து பெரிதாக்கிப் பார்க்க வழியில்லை, கால்தான் ஜூம். சோனியிலோ 24 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான ஜூம், உள்ளங்கைக்குள் அடங்கும் உடலில் மடிந்து கிடக்கிறது. எண்களை மட்டும் பார்ப்பவர் சோனியில் எல்லாம் இருக்கும்போது ரிக்கோ எதற்கு என்றுதான் கேட்பார். நானும் அப்படித்தான் கேட்டேன்.

விடை சென்சாரில் இருக்கிறது. ரிக்கோவில் உள்ளது 24 மெகாபிக்சல் கொண்ட, ஏபிஎஸ்-சி எனப்படும் அளவிலான சென்சார். அதன் அளவு ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். சோனியில் உள்ளது 20 மெகாபிக்சல் கொண்ட "ஒரு அங்குல" சென்சார். அதன் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு அங்குலம் வராத ஒன்றுக்கு அந்தப் பெயர் வந்தது, பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தைச் சொல்லி அளவு குறிக்கும் வழக்கம் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான். பரப்பளவைக் கணக்கிட்டால் ரிக்கோவின் சென்சார் மூன்று மடங்கு பெரியது. ஒளி நுழையும் லென்ஸ் துளையோ அகலக் கோணத்தில் இரண்டிலும் எஃப்/2.8 (இந்த எண் பெரிதாக ஆகத் துளை சிறிதாகும்). ஆகவே ஒரே வெளிச்சத்தில் ரிக்கோ ஏறத்தாழ மூன்று மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது; ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 3200இல் வைத்து அது தரும் படத்தின் துப்புரவைச் சோனியில் பெறவேண்டுமானால் ஐஎஸ்ஓ 1000 அளவில் நின்றாகவேண்டும். கூரையின் இடுக்கு வழியாக ஒரு கீற்று வெயிலும், மற்ற இடமெல்லாம் மஞ்சள் பல்பு வெளிச்சமுமாக இருக்கும் அங்காடிச் சந்துகளில் இந்த வேறுபாடு வெறும் கணக்கல்ல. வஞ்சிரத்தின் தோலில் மின்னும் நீலச் சாம்பல் ரிக்கோவில் நிறமாகவே வருகிறது. சோனியில் அந்த இடத்தில் சற்றே மணல் தூவியது போன்ற இரைச்சல் தெரிகிறது. கை நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி இரண்டிலும் உண்டு; ரிக்கோவில் அதைச் செய்வது சென்சாரே மூன்று அச்சுகளில் அசையும் நிலைப்படுத்தல்.

ரிக்கோவை நான் விரும்புவதற்கு முதற்காரணம் ஒளியன்று, ஸ்னாப் ஃபோகஸ் என்ற வசதி. 1, 1.5, 2, 2.5, 3.5, 5 மீட்டர், முடிவிலி என்ற தொலைவுகளில் ஒன்றை முன்கூட்டியே அமைத்துவிட்டால், ஷட்டர் பொத்தானை ஒரே மூச்சில் முழுவதும் அழுத்தும்போது கேமரா ஃபோகஸைத் தேடிக்கொண்டிருக்காமல் அந்தத் தொலைவுக்கு நேரே தாவிப் படத்தை எடுத்துவிடுகிறது. துளையை எஃப்/8இல் வைத்து, 2.5 மீட்டருக்கு அமைத்துக்கொண்டால், ஏறக்குறைய 1.15 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவு வரை எல்லாமே போதிய தெளிவுடன் விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகாத்மா காந்தி வீதியில் விரியும் சந்தையில், பழைய துணிக் குவியலுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்துகொண்டே, கேமராவைக் கண்ணருகே கொண்டுபோகாமல், வயிற்றளவில் பிடித்தபடி படமெடுக்க முடிவது இதனால்தான். பழக ஒரு மாதம் ஆயிற்று. அந்த முதல் மாதத்தில் நான் எடுத்தவற்றில் பாதிக்குமேல் தலையில்லாத மனிதர்கள்தான்.

கேமராவின் உடலும் அந்தப் பயன்பாட்டுக்கென்றே அமைந்திருக்கிறது. பேட்டரி, கார்டு சேர்த்து 257 கிராம். வலது கையின் விரல்களே ஏறக்குறைய எல்லாப் பொத்தான்களையும் எட்டிவிடும். இடது கையில் குடையோ பையோ இருந்தாலும் தடையில்லை. சோனி 302 கிராம். நீளத்தில் ரிக்கோவைவிடக் குறைவு, ஆனால் தடிமனில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அதிகம். காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் சிறியதுதான். சட்டைப்பையில் அது துருத்திக்கொண்டு நிற்பது பேருந்தில் உட்கார்ந்தவுடன் தெரியும். வழவழப்பான அதன் உலோக உடல், வியர்த்த கையில் நழுவப் பார்ப்பதால், ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பிடி ஒன்றை வாங்கி ஒட்டிய பிறகே எனக்கு நம்பிக்கை வந்தது.

இனித் தொலைவில் நிற்கவேண்டிய இடங்களுக்கு வருவோம். மாசி மகத்தன்று கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காக எழுந்தருளும்போது, மணலில் கால்வைக்க இடமிருக்காது. சுவாமியைத் தாங்கிய தோள்களுக்கும் நமக்கும் நடுவே நூறு தலைகள். 28 மில்லிமீட்டரில் எடுத்தால் கூட்டம் இருக்கும், வானம் இருக்கும், சுவாமி ஒரு புள்ளியாக இருப்பார். ரிக்கோவில் 35, 50 மில்லிமீட்டர் கோணங்களுக்கு வெட்டிக்கொள்ளும் வசதி உண்டென்றாலும், 50க்குப் போகும்போது 24 மெகாபிக்சல் ஏறத்தாழ 7 ஆகச் சுருங்கிவிடுகிறது. சோனியோ 200 மில்லிமீட்டரில், மாலைக்கும் குடைக்கும் நடுவே தெரியும் திருமுகத்தை முழுத் தெளிவுடன் கொண்டுவந்து நிறுத்துகிறது. படத்தை வேகமாகப் படித்தெடுக்கும் அதன் அடுக்குச் சென்சார் நொடிக்கு 20 படங்கள் வரை, திரை ஒரு கணமும் இருளாமல் எடுத்துத் தருகிறது. 357 ஃபோகஸ் புள்ளிகள் ஒருவரின் கண்ணைப் பிடித்துவிட்டால், அவர் கூட்டத்தில் ஆடி அசைந்தாலும் விடுவதில்லை. அதிகாலையில் மீன்பிடிப் படகுகள் அலையை முட்டி எழும் கணத்தைப் பிடிப்பதற்கும் இதைத்தான் எடுத்துச் செல்கிறேன். முன்பெல்லாம் படகின் மூக்கு உயர்ந்தபின் பொத்தானை அழுத்தித் தண்ணீரை மட்டும் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பறவைகளுக்கு இது போதும் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். புதுச்சேரியை ஒட்டிய ஊசுடு ஏரியின் கரையில் நின்று 200 மில்லிமீட்டரில் எடுத்த கொக்கும் நாரையும் அடையாளம் காணும் அளவுக்குத்தான் வந்தன. சுவரில் மாட்டும் அளவுக்கு வரவில்லை. ஜூமை நீட்ட நீட்டத் துளை குறுகி எஃப்/4.5இல் வந்து நிற்பதால், ஏரியில் பறவைகள் திரும்பும் அந்தி நேரத்தில் ஐஎஸ்ஓ ஏறி, சிறகின் நுணுக்கம் கரைந்துவிடுகிறது. பறவைகள்தான் உங்கள் நாட்டம் என்றால் இந்த இரண்டையும் மறந்துவிடலாம்.

வெயிலும் ஒரு பெரிய நடுவர். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே முற்பகல் பதினொரு மணிக்கு ரிக்கோவின் திரையைப் பார்த்தால், அதில் தெரிவது பெரும்பாலும் நம் முகம்தான். அதற்குக் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை, திரையும் அசையாது. சோனியில் மேலிருந்து எழும்பி வரும் சிறிய மின்னணு வியூஃபைண்டர் உண்டு. திரையோ மேல்நோக்கி முழுவதும் திரும்பும், கீழ்நோக்கி 90 பாகை சாயும். மார்கழியில் இதன் அருமை தெரிந்தது. வாசல் கோலத்தை நேர் மேலிருந்து எடுக்க, கேமராவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, திரையைக் கீழே சாய்த்துப் பார்த்துக்கொண்டே சட்டத்தைச் சரிசெய்யலாம். ரிக்கோவைத் தூக்கிப் பிடித்தால் எல்லாம் குத்துமதிப்பு. புள்ளி வரிசையில் ஒன்று வெளியே போய்விட்டதைக் கோலமிட்ட வீட்டு அம்மாதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்.

புதுச்சேரியின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியான வெள்ளை நகரத்து வீதிகளில் இரண்டும் ஏறத்தாழச் சமம். துய்மா வீதியின் மஞ்சள் சுவர்களையும் காகிதப்பூக் கொடிகளையும் எடுப்பதற்கு 28 மில்லிமீட்டர் இயல்பான கோணம். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றும் வாயில் முழுவதும் அடங்கவில்லை என்றால் சோனியின் 24 கைகொடுக்கும். மூலைவரை கூர்மை வேண்டுமானால் ரிக்கோ. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

குடும்ப நிகழ்ச்சிகளுக்குப் போட்டியே கிடையாது. தங்கையின் வளைகாப்பில் சோனி 4கே வீடியோ எடுத்தது. மைக் செருக இடம் இருந்ததால் பாட்டி பாடிய நலுங்குப் பாட்டும் தெளிவாகப் பதிவானது. இருண்ட மூலையில் அதன் குட்டி ஃபிளாஷும் உதவியது. ரிக்கோவில் ஃபிளாஷ் இல்லை, வீடியோவும் முழு எச்டியோடு நின்றுவிடுகிறது. அன்று அதை வெளியே எடுத்தபோது என் மைத்துனர், "இதுல ஜூம் எங்க மாமா?" என்று கேட்டார், இல்லை என்றதும் என் கணக்கு வழக்கைப் பற்றியே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பேட்டரியைப் பொறுத்தவரை இரண்டும் ஏமாற்றம்தான். நிறுவனங்களே சொல்லும் கணக்கு ரிக்கோவுக்கு 200 படங்கள், சோனிக்கு 260. உதிரிப் பேட்டரி இல்லாமல் வாங்குவதில் பொருளில்லை. ரிக்கோவில் யூஎஸ்பி-சி இருப்பதால் கைப்பேசியின் கம்பியே போதும். சோனிக்குப் பழைய மைக்ரோ யூஎஸ்பி கம்பி ஒன்றைத் தேடிக் கூடவே வைத்திருக்கவேண்டும்.

கடலோரத்தில் வாழ்பவர்கள் கவனிக்கவேண்டியது வேறொன்று. இரண்டு கேமராக்களுமே தூசிக்கும் நீருக்கும் எதிராக அடைக்கப்பட்டவையல்ல. லென்ஸ் வெளியே நீளும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றோடு மணற்பொடியும் உப்பும் போகலாம். லென்ஸைக் கழற்ற முடியாத அமைப்பு என்பதால், சென்சாரில் தூசி படிந்தால் நாமே துடைத்துவிட முடியாது. பழுதுபார்க்குமிடத்தில் பிரித்துத்தான் ஆகவேண்டும். காற்று பலமாக வீசும் நாள்களில் மணலில் இறங்கியபின் கேமராவை இயக்கித் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காமல், தேவைப்படும்போது மட்டும் எடுப்பதும், வீட்டுக்கு வந்ததும் சற்றே ஈரமான துணியால் துடைத்துச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைப்பதும் என் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பொட்டலங்களை அடிக்கடி மாற்றவேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். உங்களிடம் ஏற்கெனவே ஜூம் உள்ள ஏதேனும் கேமரா இருந்தால், கடந்த ஓராண்டில் எடுத்தவற்றுள் உங்களுக்கே பிடித்த ஐம்பது படங்களைத் தேர்ந்து, அவை எந்த மில்லிமீட்டரில் எடுக்கப்பட்டவை என்று கோப்பின் விவரத்தில் பாருங்கள். பெரும்பாலானவை 24க்கும் 35க்கும் இடையில் இருந்தால் ரிக்கோ. 70க்குமேல் பரவியிருந்தால் சோனி. என்னுடையவற்றில் முப்பத்தொன்று 28ஐ ஒட்டியே இருந்தன. பேருந்து ஏறும் நாள்களில் ரிக்கோ சட்டைப்பைக்குள் போவதும், சோனி பீரோவில் திருவிழாவுக்குக் காத்திருப்பதும் அதனால்தான்.

இரண்டின் படங்களும் 12க்கு 18 அங்குல அச்சுக்குத் தாராளமாகப் போதும். சோனியின் 5472க்கு 3648 பிக்சல்களை அங்குலத்துக்கு 300 வீதம் பகிர்ந்தால் அந்த அளவை முழுவதும் நிரப்பிச் சற்று மிஞ்சுகிறது. இதைச் சோதிப்பதற்காக, அங்காடியில் எனக்குப் பழக்கமான மீன்காரப் பெரியம்மாவை, அவர் ஒப்புதலோடு, இரண்டிலும் எடுத்து அச்சிட்டேன். ரிக்கோவில் ஒரு மீட்டர் தொலைவில் குனிந்து எடுத்தது: முன்னால் சங்கரா மீன்களின் செம்மை, பின்னால் அவர், அவருக்கும் பின்னால் அங்காடியின் நீண்ட இருள். சோனியில் எதிர்வரிசையில் நின்று 100 மில்லிமீட்டரில் எடுத்தது: முகமும், மூக்குத்தியும், சற்றே இரைச்சல் படிந்த நிழலும். முதலாவதே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. அவர் இரண்டையும் ஈரக்கை படாமல் ஓரத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோனியில் எடுத்ததை முந்தானையால் துடைத்துக் கூடைக்குப் பின்னால் பத்திரப்படுத்திக்கொண்டார். "இதுலதான் தம்பி என் மொகம் நல்லா வுழுந்திருக்கு. அதுல மீனுதான் பெருசா இருக்குது, நீயே வச்சிக்க" என்றார்.