மார்த்தாண்டம் ரப்பர் தேன்: குப்பியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் மூன்று விதமாகத் தேன் விற்கிறது. பழைய முக்கால் லிட்டர் குப்பியில் ஊற்றி, தக்கை அடைத்து, சாலையோரம் வைத்திருப்பது ஒன்று. லேபிள் ஒட்டி, மூடி சீல் வைத்துக் கடையில் வருவது இன்னொன்று. மூன்றாவது, தேனீப் பெட்டி வைத்திருப்பவர் வீட்டுக்கே போய் வாங்குவது. மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்கு, ரப்பர் மரத்திலிருந்து தேனீ சேர்க்கும் ரப்பர் தேன். ஆனால் வாங்கி ஆறு மாதம் கழித்துத் திறந்தால் ஒன்று பொன்னிறமாக அப்படியே இருக்கும், இன்னொன்று நுரைத்துப் புளித்திருக்கும். கலப்படம் என்று உடனே ஆளைத் திட்டுவார்கள். பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் தண்ணீர்தான் காரணம், அதுவும் யாரும் ஊற்றாத தண்ணீர்.

அதற்கு முன் நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லித்தந்த சோதனைகளை ஒருமுறை பார்த்துவிடலாம். தண்ணீரில் சொட்டுவிட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார வேண்டும் என்பார்கள். கெட்டியாகக் காய்ச்சிய சீனிப்பாகும் அப்படித்தான் உட்காரும். தீக்குச்சியைத் தேனில் நனைத்து உரசினால் பற்ற வேண்டும் என்பார்கள். ஈரம் அதிகமுள்ள சுத்தமான தேனில் நனைத்த குச்சி பற்றாது, கெட்டிப் பாகில் நனைத்தது சில நேரம் பற்றும். நல்ல தேனை நாய் நக்காது, எறும்பு மொய்க்காது என்பதும் உண்டு. நம் ஊர் அடுக்களையில் தேன் குப்பியைத் துடைக்காமல் ஓர் இரவு வைத்துப் பார்த்தவர்களுக்கு எறும்பு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இவற்றில் மிக மோசமானது ‘உறைந்தால் சீனி கலந்தது’ என்கிற தீர்ப்பு. ரப்பர் தேன் மற்ற தேன்களைவிட வேகமாக உறையும், அது அதன் சுபாவம். இந்த ஒரு தீர்ப்பால் நல்ல தேன் எத்தனையோ வீடுகளில் சாக்கடையில் போயிருக்கிறது.

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் விளை முழுக்க இலை கொட்டி மொட்டையாக நிற்கும். பிறகு செம்பு நிறத்தில் துளிர் வந்து, வெளிர் பச்சைக்கு மாறும். ஒரு காம்பில் மூன்று இலை இருக்குமே, அந்த மூன்றும் சேரும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய சுரப்பிகள் தெரியும், காலை வெயிலில் அவற்றின் மேல் ஈரம் மினுங்கும். தேனீ குடிப்பது அதைத்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் இந்தச் சுரப்பு. இதனால் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, இந்தத் தேனில் பூ மணம் குறைவு. மணமில்லை என்று ஒதுக்க வேண்டாம். இரண்டு, மகரந்தமும் குறைவு. ‘மகரந்தம் இல்லை, எனவே போலி’ என்று சொல்பவர் இலைத்தேனைப் பற்றி அறியாதவர்.

இனி தண்ணீர் விஷயம். இலையிலிருந்து தேனீ கொண்டுவருவது நீர்த்த இனிப்புச் சாறு. அதை அறைகளில் வைத்துச் சிறகால் விசிறி நீரை வற்றவைத்து, பதம் வந்ததும் மெழுகால் மூடுகிறது. மூடின அடைதான் பழுத்த தேன். நம் மாவட்டத்தில் வழக்கத்தில் உள்ளது நியூட்டன் பெட்டி. 1911 முதல் 1917 வரை திருச்சி வட்டாரத்தில் பாதிரியார் நியூட்டன் பயிற்சி கொடுத்துப் பரப்பியது, இந்தியத் தேனீயின் அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டி. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராம மேம்பாட்டு மையம் தேனீ வளர்ப்பை இங்கே வீட்டுத் தொழிலாக்கியது. பெட்டியின் கீழறையில் புழு வளரும், மேலறையில் தேன் சேரும். மேலறைச் சட்டங்களில் முக்கால் பாகமாவது மூடிய பிறகு எடுத்து, தேன் பிரிக்கும் கருவியில் வைத்துச் சுழற்ற வேண்டும். சுரப்பு மும்முரமாக இருக்கையில் இதற்கு ஒரு வாரம் ஆகும். நாலாம் நாளே எடுத்தால் அளவு கூடும், பழுக்காத தேனும் கூடவே வரும். வியாபாரி அவசரப்படுத்தும்போது நடப்பது இதுதான்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவசரமாக எடுத்த ரப்பர் தேனில் அது 23, 25 வரை போகும். அந்த ஈரத்தில் தேனில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். முதலில் மேலே மெல்லிய நுரை, பிறகு மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ஸென்று காற்று, பிறகு கள் வாடை. போதாததற்கு நம் ஊர் காற்றிலேயே ஈரம் அதிகம். எடுத்த தேனைத் திறந்த கேனில் வைத்தாலும் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோடை மழை தொடங்கிய பிறகு எடுத்ததில் இந்தத் தொந்தரவு கூடுதல்.

கடையில் நின்று செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. மூடிய குப்பியைச் சட்டென்று தலைகீழாகக் கவிழுங்கள். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி மெதுவாக, ஒரே உருண்டையாக, சோம்பலாக மேலேறினால் ஈரம் குறைவு. விறுவிறுவென்று ஓடினால் நீர்த்த தேன். வெயிலில் இருந்த குப்பியை இப்படிப் பார்க்காதீர்கள், சூட்டில் எந்தத் தேனும் இளகும். ஆனால் ஒன்று, குமிழி சொல்வது ஈரத்தை மட்டும். அரிசிப்பாகு கலந்திருந்தால் அதைக் குமிழியும் காட்டாது, நாக்கும் காட்டாது, ஆய்வுக்கூடம்தான் சொல்லும். பெட்டிக்காரரிடம் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கருவி வைத்திருப்பவர் சந்தோஷமாகவே காட்டுவார்.

கூடவே ஒரு கேள்வி: “அண்ணாச்சி, இது எந்த மாசம் எடுத்தது?” மார்ச், ஏப்ரல் என்றால் சரி. நவம்பரில் போய் நிற்கும்போது “நேத்து எடுத்த ரப்பர் தேன்” என்று பதில் வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். மழை மாதங்களில் பெட்டிக்குத் தீனி இருக்காது. கூட்டம் ஓடிப்போகாமல் இருக்கச் சீனிக்கரைசல் வைப்பார்கள். அது தப்பில்லை, தேனீயைக் காப்பாற்றும் வழி. ஆனால் அந்தக் கரைசலும் அறைகளில் சேர்ந்திருக்கும். யோக்கியமானவர் சுரப்பு தொடங்கும்போது பழைய மிச்சத்தை எடுத்து ஒதுக்கிவிட்டுத்தான் விற்பனைக்கான தேனை எடுப்பார்.

விலையில் ஏமாறுவது பெரும்பாலும் அளவில்தான். தேன் தண்ணீரைவிடக் கனம். ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 1 கிலோ 400 கிராம் வரும், முக்கால் லிட்டர் குப்பி 1 கிலோவைத் தாண்டும். உதாரணத்துக்கு, 500 கிராம் 250 ரூபாய், 500 மில்லி 300 ரூபாய் என்று இரண்டு குப்பி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மில்லி குப்பிதான் மலிவு. அதில் ஏறக்குறைய 700 கிராம் இருக்கிறது. லேபிளில் கிராமா மில்லியா என்று பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

சூடாக்கிய தேன் வேண்டாம் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். ரப்பர் தேனைப் பொறுத்தவரை அந்தப் பிடிவாதம் செலவில் முடியும். 60 முதல் 65 டிகிரியில், வெந்நீரில் பாத்திரத்தை வைத்துச் சிறிது நேரம் சூடாக்கி, துணியில் வடித்து, உடனே ஆறவைத்தால் ஈஸ்ட் செத்துவிடும், தேன் நிற்கும். நேரடித் தீயில் காய்ச்சினால்தான் நிறம் கறுத்து மணம் போகும். ஒரு மாதத்தில் தீர்த்துவிடுவீர்கள் என்றால் பச்சைத்தேன் வாங்குங்கள், வருடம் முழுக்க வைப்பதானால் பதப்படுத்தியது.

மதிப்பெண் என்று கேட்டால்: மார்ச் தேன், மூடின அடை, பெட்டிக்காரரிடமே வாங்கியது, 5-க்கு 4.5. சீல் வைத்து, எண்ணும் தேதியும் அச்சிட்ட கடைக் குப்பி, 4. எப்போது எடுத்ததென்று விற்பவருக்கே தெரியாத சாலையோரக் குப்பி, 2. சிறுதேனை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது கொட்டாத சிறு தேனீயின் தேன், இயல்பிலேயே நீர்த்தது, புளிப்பு கலந்தது, ஒரு கூட்டில் வருடத்துக்குச் சில நூறு கிராம்தான் தேறும். மலிவாகச் சிறுதேன் தருகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். இரும்பும் பித்தளையும் ஆகாது, தேனில் அமிலம் உண்டு. ஈரக் கரண்டி விட வேண்டாம். ஃப்ரிட்ஜ் தேவையில்லை, அங்கே வைத்தால் இறுகி ஊற்றவே வராது. உறைந்திருந்தால் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று கூடுதலான நீரில், 45 டிகிரி அளவில், குப்பியை அரைமணி நேரம் நிறுத்துங்கள். நீர் ஆறினால் மாற்றுங்கள். அடுப்பில் வைக்காதீர்கள். இன்னொன்று, பிறந்த குழந்தைக்கு நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எவ்வளவு சுத்தமான தேனிலும் பொட்டுலிசம் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்து இருக்கலாம். பெரியவர் குடல் அதைத் தாங்கும், ஒரு வயது நிறையாத குழந்தையின் குடல் தாங்காது. ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள், ஆச்சி கோபித்துக்கொண்டாலும் சரி.