ஃபாஸ்டேக்: வண்டி எங்கே போனது என்பது யாருக்கெல்லாம் தெரிகிறது?

சுங்கக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டேக் வில்லை 2021 பிப்ரவரியில் கட்டாயமானதிலிருந்து எங்கள் வீட்டுக் காரில் அது ஒட்டப்பட்டிருக்கிறது. காரைக்குடியிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், லெம்பலக்குடிச் சுங்கச்சாவடியில் சில்லறைக்காகக் காத்து நின்ற காலம் மறைந்துவிட்டது. வசதியில் எனக்குக் குறையில்லை. என் மனக்குறை வேறு.

முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த வில்லைக்கு மின்கலம் கிடையாது. சாவடியிலுள்ள ரீடரின் ரேடியோ அலை பட்டதும் அது தன் அடையாள எண்ணைத் திருப்பி அனுப்ப, சாவடியின் வங்கியிடமிருந்து வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ வழியாக, வில்லையை வழங்கிய வங்கிக்குத் தகவல் சென்று பணம் கழிகிறது. பிறகு சாவடியின் பெயரும் நேரமும் தாங்கிய குறுஞ்செய்தி, பதிவு செய்த கைபேசிக்குப் போகிறது. எங்கள் கார் சென்னையிலிருக்கும் பெரியப்பச்சி (பெரியப்பா) பெயரில் இருப்பதால், கைபேசி எண்ணும் அவருடையதே. தம்பிக்குப் பெண் பார்க்க, பேச்சு முடிந்தபின் உறவுகளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று திருச்சிக்குக் கிளம்பினோம், சாவடியைத் தாண்டிச் சற்று நேரத்தில் அவரிடமிருந்து போன்: "என்னப்பா, திருச்சிப் பக்கமா? எதுவும் விசேஷமா?"

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அது பெரியப்பச்சியிடம் செல்லாது. அரசின் கண்காணிப்பைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், ஆனால் கார் வைத்திருப்பவரை முதலில் தொடுவது இந்த வீட்டுக் கண்காணிப்புத்தான்.

இன்னொன்று இதைவிட உறுத்தியது. ரீசார்ஜ் செய்ய நான் பயன்படுத்தும் ஒரு கட்டணச் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தாலே உரிமையாளரின் பெயரும் மீதித் தொகையும் திரையில் வந்துவிடுகின்றன. நேற்றைய மீதியையும் இன்றைய மீதியையும் ஒப்பிட்டால், வண்டி சுங்கம் கடந்ததா என்பதை முன்பின் தெரியாதவர்கூட ஊகிக்கலாம். வண்டி எண்ணோ தெருவில் போகிற எவருக்கும் தெரியும். பணம் கட்ட வருபவருக்கு மீதித் தொகையைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன?

ஃபாஸ்டேக் பதிவு செய்வது சாவடி என்னும் ஒரு புள்ளியை மட்டுமே. செயற்கைக்கோள் வழிச் சுங்கத்துக்கு 2024 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது. அம்முறையில் கட்டணம் ஓடிய தூரத்துக்கு என்பதால், வண்டி சென்ற பாதையே பதிவாக வேண்டியிருக்கும். அது நம் சாலைக்கு வருவதற்குள், பாதைப் பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் கேட்டால் கொடுப்பார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. இப்போதைக்குக் கைபேசி எண்ணை என் எண்ணாக மாற்றித் தருமாறு பெரியப்பச்சியிடம் கேட்டிருக்கிறேன், "ஏன், எங்கே போகப் போறே?" என்கிறார்.