ஆரக்கிளில் இருந்து போஸ்ட்கிரெஸ்: பயந்தது ஒன்று, படுத்தியது வேறொன்று

எங்கள் நிறுவனத்தின் பெரும்பாலான சிஸ்டங்கள் காசு கொடுத்து வாங்கும் ஆரக்கிள் டேட்டாபேஸை விட்டு ஓப்பன் சோர்ஸான போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. வந்த புதிதில் எழுதியிருந்தால் வேகம், செலவு என்று ஏதாவது சொல்லியிருப்பேன். இத்தனை காலம் ஓட்டிய பிறகு சொல்லத் தோன்றுவது வேறு. பெரிய நிறுவனங்கள் புது டேட்டாபேஸ் என்றாலே தயங்குகின்றனவே, அதில் எது நியாயம், எது வெறும் சாக்கு என்பதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் போஸ்ட்கிரெஸ் புதுசே இல்லை. பெர்க்லியில் 1986-ல் ஆரம்பித்த வேலை, இப்போதுள்ள பெயர் வந்ததே 1996-ல். ஆனால் பெரிய நிறுவனத்தில் தன்னிடம் இல்லாததெல்லாம் புதுசுதான். மீட்டிங்குக்கு மீட்டிங் வந்த கேள்வி ஒன்றே: ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் விழுந்தால் யாருக்கு போன் போடுவது? காசு வாங்கிக்கொண்டு சப்போர்ட் தர ஆட்கள் இருக்கிறார்கள் என்றாலும் கேட்டவர்கள் சமாதானம் ஆகவில்லை, ஏனென்றால் அவர்கள் தேடியது போன் நம்பரை அல்ல, ஏதாவது ஆனால் பழியைத் தூக்கிப் போட ஒரு பெரிய பெயரை.

சரி, அந்த இரண்டு மணி பயம் எங்களை அவ்வளவாகப் படுத்தவில்லை. படுத்தியது யாரும் கேட்காத விஷயங்கள். ஆரக்கிளில் காலி ஸ்ட்ரிங்கும் 'நல்' மதிப்பும் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) ஒன்று, போஸ்ட்கிரெஸில் வேறு வேறு. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் பெயர், தெரு, ஊர் என்று இரண்டு பைப் குறி (||) போட்டு ஒட்டுகிற குவெரியில் நடுவில் ஒன்று 'நல்' ஆக இருந்தால், ஆரக்கிள் மீதியை ஒட்டிக் கொடுத்துவிடும், போஸ்ட்கிரெஸ் மொத்தத்தையும் 'நல்' ஆக்கிவிடும். எரர் வராது, முகவரி மட்டும் காணாமல் போயிருக்கும். அப்புறம் டேட் டைப். ஆரக்கிளில் அதற்குள் நேரமும் உண்டு, இங்கே தேதி மட்டும்தான். ஆரக்கிளில் இருப்பதை போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும் ஓராடுபிஜி மாதிரி கருவிகள் நிறைய மாற்றிக் கொடுக்கும், ஆனால் ஆரக்கிளின் சொந்த நிரல்மொழியான பிஎல்எஸ்க்யூஎல்லில் ப்ரொசீஜர்களைக் கட்டாக வைக்கும் பேக்கேஜுகளுக்கு நேரான ஒன்று போஸ்ட்கிரெஸில் கிடையாது, அதனால் மாற்றி வந்ததை மனிதர்கள் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். மைக்ரேஷன் செலவு முக்கால்வாசி இந்தப் படிப்பில்தான் போனது.

ஓட ஆரம்பித்த பிறகு வேக்யூம். ஒரு வரியை அப்டேட் செய்தால் பழைய வரி அப்படியே கிடக்கும், வேக்யூம் வந்துதான் கூட்டிப் பெருக்கும். யாராவது, ஒன்றாகச் சேர்ந்து முடிய வேண்டிய வேலைகளின் தொகுப்பான ஒரு ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் அதற்குப் பின் செத்த வரிகளைத் தொட முடியாது, டேபிள் ஊதிக்கொண்டே போகும். ட்ரான்ஸாக்‌ஷன் எண் வேறு 32 பிட்தான், எண்கள் தீர்ந்துபோகும், கவனிக்காமல் விட்டால் ஒரு கட்டத்தில் எழுதுவதையே நிறுத்திவிடும். ஆரக்கிளில் ஊறிய டிபிஏக்களுக்கு (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்களுக்கு) இந்தப் பழக்கம் வர நாளாகிறது. கனெக்‌ஷன் ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ் என்பதால் கனெக்‌ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் இல்லாமல் பெரிய இடத்தில் ஓட்டாதீர்கள்.

இதற்கு நடுவில் ஒரு டீம், உண்மையிலேயே புதிதாக வந்த, பல சர்வர்களில் பரவி ஓடும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸ் வேண்டும் என்று நின்றது. அங்கே நான் தயங்குகிறவர்கள் பக்கம். 2015-ல் ஃபவுண்டேஷன்டிபி என்ற டேட்டாபேஸை ஆப்பிள் வாங்கியதும் டவுன்லோட் நின்றுபோனது, 2018-ல்தான் ஓப்பன் சோர்ஸாகத் திரும்பி வந்தது. ரீதிங்க்டிபி நிறுவனம் 2016-ல் மூடப்பட்டது. மோங்கோடிபி 2018-ல் லைசென்ஸை, அதாவது பயன்படுத்தும் நிபந்தனைகளை, மாற்றியது, ரெடிஸ் 2024-ல். பத்து வருடம் வைத்திருக்கப்போகிற டேட்டாவுக்கு இதைப் பார்த்து ஒருவர் தயங்கினால் அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்ல மாட்டேன். போஸ்ட்கிரெஸை எந்தத் தனி நிறுவனமும் வாங்கி மூட முடியாது, எனக்கு அதுதான் பெரிய பாயிண்ட்.

அமேசானே 2019-ல் கிட்டத்தட்ட 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களை மூடிவிட்டதே என்று உதாரணம் காட்டுவார்கள். அவர்கள் டேட்டாபேஸ் விற்கிற ஆட்கள், சொந்தச் சரக்குக்கு மாறினார்கள். நமக்கு அது பொருந்தாது.

இன்னொன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு மேஜர் வெர்ஷனுக்கு 5 வருடம்தான் திருத்தங்கள் வரும், ஆகவே அப்கிரேட் என்பது வழக்கமான வேலையாக வேண்டும். அதற்கு ஆள் ஒதுக்க மனசில்லாத நிறுவனம் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். எங்களிடமும் சில சிஸ்டங்கள் இன்னும் ஆரக்கிளில்தான் ஓடுகின்றன, அவற்றுக்குள் இருக்கும் பிஎல்எஸ்க்யூஎல் ப்ரொசீஜர்களை எழுதியவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை, அவற்றை மாற்றச் சொல்லி நான் கேட்கப்போவதும் இல்லை.